முதல் சிறிய டிராவல் டிரெய்லர்: தேர்வு வண்டிக் கதவில் தொடங்குகிறது

டிராவல் டிரெய்லர் என்பது காரின் பின்னால் இழுத்துப் போகும், படுத்துச் சமைத்துத் தங்கக்கூடிய சின்ன வீடு. அமெரிக்காவிலோ கனடாவிலோ முதல் டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆர்வி, அதாவது தங்கிப் பயணிக்கும் வண்டிகளின் கண்காட்சியில்தான் ஆரம்பிக்கிறார்கள். பிள்ளைகள் பங்க் படுக்கையில் ஏறிக் குதிக்கிறார்கள், அடுப்பு மினுங்குகிறது, விற்பனையாளர் மாதத் தவணையை மட்டும் சொல்கிறார். 'நம்ம வண்டி இதை இழுக்குமா?' என்ற கேள்வி முன்பணம் கட்டிய பிறகுதான் வருகிறது. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் வண்டி, பிறகு நிறுத்தும் இடம், அதற்குப் பிறகு போக நினைக்கும் ஊர்கள், கடைசியில் டிரெய்லர். இந்த வரிசையில் போனால் சந்தையில் இருக்கும் நூற்றுக்கணக்கான மாடல்கள் தானாகவே பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கிவிடும்.

சிறியது என்று நான் சொல்வது ஏறத்தாழ 13 முதல் 20 அடி நீளமுள்ள, ஒற்றை அச்சில் ஓடும் டிரெய்லரை. மினிவேனோ நடுத்தர எஸ்யூவியோ வைத்திருக்கும் குடும்பத்துக்கு எட்டக்கூடியது அதுதான்.

படி 1: வண்டிக் கதவின் ஸ்டிக்கரைப் படியுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயர் அழுத்தம் பார்ப்பதற்குக் குனிவோமே, அதே ஸ்டிக்கர்தான். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த எண்தான் பேலோட். டிரெய்லர் விஷயத்தில் பெரும்பாலான குடும்பங்களைத் தடுத்து நிறுத்துவது இழுக்கும் திறன் அல்ல, இந்த பேலோட்தான்.

இழுக்கும் திறன் எல்லோருக்கும் தெரியும். டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிசி இரண்டுக்கும் உச்சம் 3,500 பவுண்டு. டெஸ்லா மாடல் ஒய் வண்டிக்கும் 3,500. ஹைலேண்டரில் பெட்ரோல் மாடல் 5,000 வரை இழுக்கும், ஹைபிரிட் 3,500 மட்டுமே. கியா டெலுரைடு 5,000. பெட்ரோல் சிஆர்-வி வைத்திருப்பவர்களுக்கு 1,500 தான், கண்ணீர்த்துளி வடிவ டிரெய்லரைத் தாண்டி யோசிக்க வேண்டாம். ஒரே பெயர் கொண்ட வண்டியிலேயே ஆண்டுக்கு ஆண்டு, மாடலுக்கு மாடல் இந்த எண் மாறும். அதனால் உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் உள்ளதை மட்டும் நம்புங்கள். விற்பனையாளரின் வாய்க்கணக்கை நம்ப வேண்டாம்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டிக்கரில் 1,200 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 460. கோடையில் ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி 130. பின்னால் ஐஸ் பெட்டி, பைகள், மடக்கு நாற்காலிகள் 150. டிரெய்லரை வண்டியோடு மாட்டத் தனியாக வாங்கிப் பொருத்திய ஹிட்ச் 50. ஆக 790 ஆகிவிட்டது. மிச்சம் 410. அந்த 410-க்குள்தான் டிரெய்லர் உங்கள் வண்டியின் முதுகில் அழுத்தும் எடை அடங்க வேண்டும். அதை டங் வெயிட் என்பார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அப்படி இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், கூடினால் வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு முன்சக்கரங்களின் பிடிமானம் குறையும். சாமான் ஏற்றிய 3,200 பவுண்டு டிரெய்லர் என்றால், நடுவில் 12.5 சதவீதம் எடுத்தாலே 400 பவுண்டு. கணக்கு இடிக்காமல் தப்பித்தது போலத் தெரியும்.

ஆனால் இன்னொரு பொறி இருக்கிறது. 3,500 இழுக்கும் என்று சொல்லும் பல வண்டிகளில் டங் வெயிட்டுக்குத் தனியாக 350 பவுண்டு என்று உச்சவரம்பு போட்டிருப்பார்கள். அப்போது அந்த 400 செல்லாது. 350-ஐ 12.5 சதவீதமாக வைத்துத் திருப்பிக் கணக்கிட்டால் சாமானோடு 2,800 பவுண்டு. அதுதான் அப்படிப்பட்ட வண்டியின் நடைமுறை எல்லை. 3,500 என்று படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவருக்கும் 2,800 என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கும் கண்ணில் படும் டிரெய்லர்களே வேறு.

மின்சார வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இழுக்கும்போது ரேஞ்ச் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். இதில் எடையை விடக் காற்றை எதிர்க்கும் முன்பரப்புதான் பெரிய எதிரி. பல சார்ஜிங் நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் சார்ஜ் போட முடியும். கைக்குழந்தையோடு மழையில் அதைச் செய்வதை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: விளம்பரத்தில் உள்ள எடையை ஓரமாக வையுங்கள்

விளம்பரத்தாளில் பெரிய எழுத்தில் இருப்பது டிரை வெயிட், அதாவது வெற்று எடை. தண்ணீர் இல்லை, பேட்டரி இல்லை, கேஸ் இல்லை, பல சமயம் ஏசியும் வெய்யில் மறைப்பும்கூட அதில் சேர்த்தி இல்லை. 2,500 பவுண்டு என்று போட்டிருந்தால் அதன் மேல் கூட்டிக்கொண்டே போங்கள். நிரம்பிய ஒரு கேஸ் சிலிண்டர் 37 பவுண்டு. சாதாரண பேட்டரி 50. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு என்பதால் 20 கேலனுக்கு 167. பாத்திரம், போர்வை, மளிகை, குழாய்கள், பிள்ளைகளின் சாமான் எல்லாம் சேர்த்து 300 என்பது கஞ்சத்தனமான மதிப்பீடு. 3,050 தாண்டியாயிற்று.

இத்தனை கூட்டல் வேண்டாம் என்றால் நேராக ஜி.வி.டபிள்யூ.ஆர். பாருங்கள். டிரெய்லரின் முன்பக்க இடது மூலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். அந்த டிரெய்லர் சாமானோடு எட்டக்கூடிய உச்ச எடை அது. அந்த எண்ணே உங்கள் எல்லைக்குள் இருந்தால் நிம்மதி. அதே ஸ்டிக்கரின் பக்கத்தில் எத்தனை பவுண்டு சரக்கு ஏற்றலாம் என்றும் இருக்கும். சில அழகான டிரெய்லர்களில் அது 400 பவுண்டுக்கும் குறைவு. தண்ணீரை நிரப்பினால் இட்லிப் பாத்திரத்துக்கு இடமிருக்காது.

படி 3: எங்கே நிறுத்தி வைப்பீர்கள்?

டெக்சாஸ், நியூ ஜெர்சி, வட கரோலினா புறநகர்க் குடியிருப்புகளில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதிகளைப் படியுங்கள். டிரைவ்வேயில் டிரெய்லர் நிற்கக் கூடாது, அல்லது ஏற்றி இறக்க ஒன்றிரண்டு நாள் மட்டும் நிற்கலாம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். டொராண்டோவைச் சுற்றியுள்ள நகராட்சிகளுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. வெளியே வாடகைக்கு நிறுத்தினால் மாதாமாதம் அது ஒரு செலவு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் அங்கே போய் இழுத்து வருவது அதைவிடப் பெரிய செலவு. வழக்கமான கராஜ் கதவின் உயரம் 7 அடி. கண்ணீர்த்துளி டிரெய்லரும் மடக்கும் வகைகளும்தான் அதற்குள் நுழையும். கராஜ் ஒன்றுதான் வழி என்றால் டேப் எடுத்து அளந்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 4: எந்த மாதிரி இடங்களுக்குப் போவீர்கள்?

மின்சாரமும் தண்ணீரும் இணைப்பில் கிடைக்கும் கேம்ப்கிரவுண்டா, ஒன்றுமே இல்லாத காடா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பலரும் நினைப்பதற்கு மாறாக, புகழ்பெற்ற தேசியப் பூங்காக்களில் இணைப்பு கிடைப்பது அரிது. யோசெமிட்டி பள்ளத்தாக்கின் கேம்ப்கிரவுண்டுகளில் மின் இணைப்பே கிடையாது. மேற்கு மாநிலங்களில் பி.எல்.எம். என்ற மத்திய அரசுத் துறையின் பொது நிலங்களில் பெரும்பாலும் காசு கொடுக்காமல் 14 நாள் வரை தங்கலாம், ஆனால் குழாயோ கழிப்பறையோ எதிர்பார்க்கக் கூடாது. அந்த மாதிரி இடங்கள்தான் ஆசை என்றால் ஏசியை விடப் பேட்டரிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் காசு போட வேண்டும்.

நீளம் குறைவாக இருப்பதன் லாபம் இங்கேதான் தெரியும். பழைய பூங்காக்களின் இடங்கள் 1950, 60களின் சின்ன டிரெய்லர்களை மனதில் வைத்துப் போட்டவை. 30 அடிக்காரர்கள் இடமில்லாமல் திரும்பும் வளைவுகளில் 16 அடி போய் உட்கார்ந்துவிடும். ஆனாலும் எல்லாச் சாலையும் திறந்திருக்காது. கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலையின் மலைப்பகுதியில் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 21 அடியைத் தாண்டக் கூடாது. எந்த டிரெய்லர் வாங்கினாலும் அங்கே அதைக் கீழே கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

கரடிகள் உள்ள பகுதிகளுக்கு ஆசைப்படுகிறவர்கள் துணிச் சுவர் வைத்த மடக்கு டிரெய்லரைத் தவிர்க்கலாம். யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க்கில் கெட்டிச் சுவர் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி.

படி 5: வகையை முடிவு செய்யுங்கள்

கண்ணீர்த்துளி வகையில் உள்ளே படுக்கை மட்டும், அடுக்களை பின்பக்கக் கதவைத் தூக்கினால் வெளியே. இருவருக்கு அருமை. மழை நாளில் இரண்டு பிள்ளைகளோடு என்றால் விவாகரத்து வரைக்கும் போகும்.

மடக்கு டிரெய்லர்கள் தாழ்வாக ஓடுவதால் இழுக்க லேசு, கராஜிலும் அடங்கும். முக்கோணக் கூரையாக எழும் அலைனர் போன்றவை கெட்டிச் சுவர் கொண்டவை, எழுப்பி நிறுத்தச் சில நிமிடங்களே பிடிக்கும். துணிச் சுவர் வகைக்கு விலை குறைவு, படுக்கையும் அதிகம். ஆனால் ஈரத்தோடு மடக்கினால் பூஞ்சை பிடிக்கும், வீட்டுக்கு வந்து மறுபடி விரித்துக் காயவைக்க வேண்டும்.

அதிகமாக விற்பது பெட்டி வகை. மரச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்தவை ஒரு ரகம். அலுமினியச் சட்டத்தில் நுரைப் பலகையும் ஃபைபர்கிளாஸ் தாளும் ஒட்டி அழுத்தியவை இன்னொரு ரகம். இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில்தான் அமெரிக்க ஆர்விகளில் பெரும்பகுதி தயாராகிறது. ஃபாரஸ்ட் ரிவர் ஆர்-பாட், ஜேகோ ஜே ஃபிளைட் எஸ்எல்எக்ஸ் போன்ற பெயர்களை ஒவ்வொரு விற்பனை மையத்திலும் பார்க்கலாம். காசுக்கு இடம் அதிகம், விதவிதமான அமைப்புகள் உண்டு. பலவீனம் ஒன்றுதான்: கூரையிலும் மூலைகளிலும் நீளமான இணைப்புகள். ஒவ்வொரு இணைப்பும் ஒருநாள் ஒழுகும் இடம்.

என் ஓட்டு முட்டை வடிவ ஃபைபர்கிளாஸ் டிரெய்லர்களுக்கு. மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு வார்ப்பச்சுகளில் வார்த்து இடுப்பில் இணைப்பார்கள். கூரையில் சுவரோடு சேரும் இணைப்பே கிடையாது என்பதால் ஒழுக்குக்கு வாய்ப்புள்ளவை சன்னலும் காற்றோட்ட மூடியும்தான். கனடாவின் வினிபெக்கில் 1960களின் இறுதியில் வந்த போலர் இந்த வகையின் முன்னோடி. அதன் வழியில் மினசோட்டாவில் ஸ்கேம்ப், டெக்சாஸில் காசிட்டா, பிரிட்டிஷ் கொலம்பியாவில் எஸ்கேப் என்று தொடர்கிறது. அரை நூற்றாண்டு கடந்த போலர்கள் இன்னும் சாலையில் ஓடுகின்றன. பெட்டி வகையில் அந்த வயதைப் பார்ப்பது அபூர்வம். குறை என்னவென்றால் உள்ளே நெருக்கடி, காத்திருப்புப் பட்டியல், பழசானாலும் விலை இறங்காமை. கடைசிக் குறை விற்கும்போது நிறையாக மாறும்.

படி 6: உள்ளே ஒரு நாளை வாழ்ந்து பாருங்கள்

விற்பனை மையத்தில் வெட்கப்படாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இருவருமாகப் படுக்கையில் படுங்கள். சுவரோரம் படுத்தவர் நடுராத்திரியில் கழிப்பறைக்குப் போக மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டுமா? பல சின்ன டிரெய்லர்களில் அப்படித்தான். 6 அடி உயரக்காரருக்குக் கால் இடிக்கிறதா? சாப்பாட்டு மேசையே படுக்கையாக மாறும் அமைப்பு என்றால் பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்கள் எங்கே உட்காருவீர்கள்? நான்கு பேர் படுக்கலாம் என்று எழுதியிருக்கும். நான்கு பேர் மழையில் உட்காரலாமா என்பதை நீங்கள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கழிப்பறை இரண்டு விதம். வெட் பாத் என்றால் கழிப்பறைக்குள்ளேயே குளிக்க வேண்டும், எல்லாம் நனையும். டிரை பாத்தில் குளிக்க தனித் தடுப்பு, ஆனால் அது இரண்டு மூன்று அடி நீளத்தைத் தின்னும். பெரியவர்கள் கூட வருவார்கள் என்றால் வெட் பாத்தின் வழுக்கும் தரையையும், வாசற்படியின் உயரத்தையும் யோசியுங்கள். நம் வீட்டுக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. காகிதத்தோடு நிறுத்தாமல் தண்ணீரும் பயன்படுத்துகிறவர்களுக்கு நல்ல தண்ணீர் சீக்கிரம் தீரும், கழிவுத் தொட்டி சீக்கிரம் நிரம்பும். இருவருக்கு நான்கு நாள் வரும் என்று யாராவது சொன்னால் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுக்களைக்கு அதிக இடம் வேண்டுமென்று பலரும் பெரிய மாடலுக்குப் போகிறார்கள். எனக்கு அது தேவையாகத் தெரியவில்லை. கடுகு தாளித்தால் அந்தச் சின்ன அறையில் வாசனை திரைச்சீலையிலும் மெத்தையிலும் ஏறி மாதக்கணக்கில் போகாது. தாளிப்பையும் பொரிப்பையும் வெளியே ஒரு இரட்டை அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது காலைக் காப்பிக்கும் மழை நாள் குக்கருக்கும் போதும். அதனால் அடுப்பின் எண்ணிக்கையை விடக் கூரையில் நல்ல வெளியேற்று விசிறி இருக்கிறதா, பக்கவாட்டில் வெளி அடுப்புக்கு கேஸ் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கரடி நாட்டில் வெளியே சமைத்தால் சமைத்த கையோடு எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும்.

படி 7: தண்ணீர், மின்சாரம்

தொட்டிகள் மூன்று: நல்ல தண்ணீர், பாத்திரம் கழுவிய சாம்பல் தண்ணீர், கழிப்பறையின் கறுப்புத் தொட்டி. சின்ன டிரெய்லரில் முதலில் நிரம்புவது பெரும்பாலும் சாம்பல் தொட்டிதான், யாரும் கேட்காத எண்ணும் அதுதான். கேளுங்கள். சில சிறிய மாடல்களில் கறுப்புத் தொட்டிக்குப் பதில் கழற்றி எடுத்துப் போய்க் கொட்டும் கேசட் இருக்கும். அது மோசமில்லை, அனுமதி உள்ள சாதாரணத் தண்ணீர்க் கழிப்பறையிலும் காலி செய்யலாம்.

சின்ன டிரெய்லர்களுக்கு 30 ஆம்ப் இணைப்பு வழக்கம். அதில் ஏசியும் இன்ஸ்டன்ட் பாட்டும் மைக்ரோவேவும் ஒரே நேரத்தில் போட்டால் பிரேக்கர் விழும். இணைப்பில்லாத இடத்தில் ஏசியைப் பேட்டரியில் ஓட்டும் கனவை முதல் டிரெய்லரில் காண வேண்டாம். விளக்கு, விசிறி, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் ஊதுவிசிறி ஆகியவற்றுக்கு 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரியும் 100 முதல் 200 வாட் சோலார் பலகையும் வார இறுதிக்குப் போதும். பழைய ஈய-அமிலப் பேட்டரியில் எழுதியிருப்பதில் பாதியைத்தான் கெடாமல் பயன்படுத்த முடியும்.

குளிர்சாதனப் பெட்டி கேஸிலும் ஓடும் உறிஞ்சு வகையா, 12 வோல்ட் கம்ப்ரஸர் வகையா என்று கேளுங்கள். முதலாவது மின்சாரத்தைத் தின்னாது, ஆனால் டிரெய்லர் சமமாக நின்றால்தான் சரியாகக் குளிரும். இரண்டாவது சீக்கிரம் குளிரும், பேட்டரியைக் காலி செய்யும்.

படி 8: வாங்கும் முன் வாடகைக்கு எடுங்கள்

அவுட்டோர்சி, ஆர்விஷேர் போன்ற தளங்களில் தனியார் தங்கள் டிரெய்லரை வாடகைக்கு விடுகிறார்கள். பல உரிமையாளர்கள் கேம்ப்கிரவுண்டுக்கே கொண்டுவந்து நிறுத்திக் கொடுப்பார்கள், இழுக்கும் வண்டிகூட வேண்டாம். நீங்கள் வாங்க நினைக்கும் அதே அமைப்பைத் தேடி மூன்று ராத்திரி தங்குங்கள். அதில் ஒரு ராத்திரியாவது மழையோ குளிரோ இருந்தால் நல்லது.

படி 9: பழையதைப் பரிசோதிப்பது எப்படி

முதல் டிரெய்லர் பழையதாக இருப்பதே நல்லது என்பது என் கட்சி. முதல் சில ஆண்டுகளின் விலைச் சரிவை வேறொருவர் ஏற்றிருப்பார், தொழிற்சாலையிலிருந்து வந்த சின்னக் கோளாறுகளையும் அவர் சரிசெய்திருப்பார். ஆனால் பரிசோதிக்க இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். டார்ச், ஏணி, குறைந்த விலையில் கிடைக்கும் ஊசி வைத்த ஈரமானி, ஒரு பழைய சட்டை போதும்.

போகும் முன்பே விற்பவரிடம் முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். உறிஞ்சு வகை குளிரப் பல மணி நேரம் பிடிக்கும். அவர் மறுத்தால் அதுவே ஒரு பதில்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒழுக்கு. கதவைத் திறந்ததும் மூக்கை நம்புங்கள். பூஞ்சை வாடை வந்தால் கிளம்பிவிடலாம். அளவுக்கு மீறி வாசனைத் திரவியம் அடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். அலமாரிகளின் மேல் மூலை, படுக்கைக்கு அடியில், சன்னல்களின் கீழ் விளிம்பு, மூன்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். தேநீர்க் கறை போன்ற பழுப்பு வளையமோ சுருங்கிய சுவர்த்தாளோ இருந்தால் தண்ணீர் வந்துபோன வழி அது. ஈரமானியை முதலில் சுவரின் நடுவில், காய்ந்த இடம் என்று தெரிந்த பகுதியில் குத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூலைகளிலும் சன்னலின் கீழும் குத்திப் பாருங்கள். இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். தரையில் மூலை மூலையாகக் குதிகாலை ஊன்றி நடங்கள். எங்காவது அமுங்கினால் அடியில் பலகை மக்கியிருக்கிறது.

வெளியே வந்து சுவரை நேராகப் பார்க்காமல் அதன் ஓரத்தில் கன்னத்தை ஒட்டி வைத்து நீளவாக்கில் பாருங்கள். ஃபைபர்கிளாஸ் தாள் வகையில் கொப்புளம் போல எழும்பியிருந்தால் உள்ளே பசை விட்டுவிட்டது. அதைச் சரிசெய்வது டிரெய்லரின் விலைக்கே வந்து நிற்கும். ஏணி போட்டுக் கூரையில் காற்றோட்ட மூடிகளைச் சுற்றியுள்ள அடைப்புப் பசையைப் பாருங்கள். மேலாக வெடித்திருந்தால் பேரம் பேசலாம், பள்ளமாகப் பிளந்திருந்தால் உள்ளே போய் மறுபடி குத்திப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றிப் பம்ப்பைப் போடுங்கள். குழாய்களில் அழுத்தம் ஏறியதும் பம்ப் அடங்கி அமைதியாகிவிட வேண்டும். எல்லாக் குழாயும் மூடியிருக்கையில் அவ்வப்போது 'டர்ர்' என்று தானாக ஓடி நின்றால் எங்கோ கசிகிறது. குளிர் மாநிலத்து டிரெய்லரில் இது அடிக்கடி நடக்கும். குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை வடித்து இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் ஊற்றாமல் விட்டிருப்பார்கள், உறைந்து குழாய் வெடித்திருக்கும். அப்புறம் ஹீட்டர், வெந்நீர்க் கொதிகலன், அடுப்பு, ஏசி, எல்லாவற்றையும் உங்கள் கண்முன் ஓட்டச் சொல்லுங்கள். 'போன வருஷம் நல்லாத்தான் ஓடிச்சு' என்பதற்கு ஓடவில்லை என்று அர்த்தம்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதில்லை, நின்றே கிழடாகும். ஐந்தாறு ஆண்டு ஆகியிருந்தால் டயரின் பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம். கடைசியாக உரிமைப் பத்திரத்தில் உள்ள வி.ஐ.என். என்ற அடையாள எண்ணும் சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா, வங்கிக் கடன் பாக்கி உண்டா என்று பாருங்கள்.

புதியது வாங்கினாலும் ஒப்படைக்கும் நாளில் இதே சோதனையைச் செய்யுங்கள். கோளாறுகள் சரியாகும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். போட்ட பிறகு நீங்கள் பழுதுபார்ப்பு வரிசையின் கடைசியில் நிற்பீர்கள், அதுவும் கோடை நடுவில்.

படி 10: பணம்

ஆர்விக் கடன்கள் 10, 15 ஆண்டுக்குக் கிடைக்கின்றன. தவணை சின்னதாகத் தெரியும், ஆனால் டிரெய்லரின் மதிப்பு கடனை விட வேகமாக இறங்கும். விற்க நினைக்கும்போது கைக்காசு போட்டுத்தான் விற்க வேண்டியிருக்கும். சுமந்து வந்த கட்டணம், தயார்செய்த கட்டணம், காகிதக் கட்டணம் என்று கடைசி மேசையில் சேர்ப்பவற்றையும் சேர்த்து மொத்த விலையை எழுத்தில் வாங்குங்கள். நீட்டித்த உத்தரவாதத்துக்கு அந்த மேசையில் சரி சொல்லத் தேவையில்லை. காரின் இன்சூரன்ஸ் பொதுவாக, டிரெய்லரை இழுக்கும்போது பிறருக்கு ஏற்படும் சேதத்தைத்தான் கவனிக்கும். டிரெய்லருக்கே ஆகும் சேதத்துக்குத் தனிப் பாலிசி வேண்டும். ஹிட்ச், டிரெய்லர் பிரேக்கை ஓட்டுநர் இடத்திலிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலர், குழாய்கள், பூட்டு ஆகியவற்றுக்கு விலையைத் தாண்டி ஆயிரம் டாலராவது ஒதுக்கி வையுங்கள்.

படி 11: ஹிட்ச், பிரேக், முதல் ஓட்டம்

வண்டியின் அடியில் ஹிட்ச்சைச் செருகும் குழாயான ரிசீவர் 2 அங்குல அளவில் பொருத்துங்கள். ஆனால் ஹிட்ச் எத்தனை பவுண்டு தாங்கினாலும் வண்டியின் எல்லை அதிகமாகாது, இரண்டில் சின்ன எண்ணே உங்கள் எண். எடையை முன்சக்கரங்களுக்கும் பகிரும் ஹிட்ச்சைக் கடையில் பரிந்துரைப்பார்கள். சில வண்டிகளின் கையேடு அதைத் தடை செய்கிறது, படித்துவிட்டு வாங்குங்கள்.

பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஏழு முனை மின் இணைப்பும் பிரேக் கன்ட்ரோலரும் வேண்டும். ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் 3,000 பவுண்டு அளவிலிருந்து டிரெய்லருக்கே பிரேக் கட்டாயம். கலிபோர்னியாவில் 1,500-இலேயே தொடங்கிவிடுகிறது, அங்கே டிரெய்லர் இழுப்பவர்களுக்கு வேக வரம்பும் 55 மைல்தான். சட்டம் கேட்காவிட்டாலும் 2,000 பவுண்டுக்கு மேல் பிரேக் இல்லாத டிரெய்லரை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

சாமானில் கனமானவற்றை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோரம் வையுங்கள். பின்பக்கத் தாங்கியில் நான்கு சைக்கிள் மாட்டினால் டங் வெயிட் குறைந்து வாலாட்டம் தொடங்கும். அப்படி ஆடத் தொடங்கினால் வண்டியின் பிரேக்கைப் பலமாக மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கன்ட்ரோலரில் கையால் அழுத்துங்கள். எல்லாம் ஏற்றிய பிறகு ஒருமுறை லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடையில் எடை போட்டுவிடுங்கள். படி 1-இல் போட்ட கணக்கு உண்மையா என்று அந்தச் சீட்டு சொல்லிவிடும்.

பின்னால் எடுப்பதற்கு ஞாயிறு காலையில் காலியான பள்ளி வாகன நிறுத்தத்தில் பழகுங்கள். ஸ்டியரிங்கை அடியில் பிடித்துக்கொண்டால் கை போகும் திசையில் டிரெய்லரின் பின்புறம் போகும். சின்ன டிரெய்லர் பெரியதை விடச் சட்டென்று மடங்கும், அதனால் அங்குலம் அங்குலமாக. பின்னால் நின்று வழி சொல்பவர் உங்கள் கண்ணாடியில் தெரிய வேண்டும். அவர் முகம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

முதல் பயணத்தை வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், இணைப்புகள் உள்ள கேம்ப்கிரவுண்டில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது நட்டுகளைச் சரியான அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்சை வண்டியிலேயே வையுங்கள். புதிதாக மாட்டிய சக்கரங்களின் நட்டுகள் ஓட ஓடத் தளரும், முதல் 10, 25, 50 மைல்களில் நிறுத்தி மறுபடி முறுக்க வேண்டும்.